கடலுக்குப் பதினாறு நாள் விடுமுறை

அனு, கதிர், இதை நீங்கள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். 'அப்பா, மலையாளத்துல எழுதித் தந்தா போராதா' என்று கதிர் கேட்பான். போராது. அவமானப்பட்ட கதையையாவது ஒருவன் தன் சொந்த பாஷையில் எழுத வேண்டும். மெதுவாகப் படியுங்கள்.

பள்ளிக்கூடத்தில் 'அப்பாவுக்கு என்ன வேலை' என்று கேட்டால் நீங்கள் இரண்டு பேரும் 'ரிசர்ச்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறீர்களாம். உங்கள் டீச்சர் என்னிடமே சொன்னார். நான் ரிசர்ச் செய்யவில்லை மக்களே. ரிசர்ச் நடக்கிற கட்டடத்தில் அட்டெண்டர். படித்தது பத்தாம் வகுப்பு. சயின்ஸில் எத்தனை மார்க் என்று கேட்காதீர்கள் (தமிழில் நல்ல மார்க்). ஆனால் ஒன்று சொல்வேன். அந்தக் கட்டடத்தில் எத்தனையோ டாக்டர்கள், புரொஃபசர்கள் வந்து போயிருக்கிறார்கள். ஒரு முழு வருஷத்து ஆராய்ச்சியைத் தனி ஆளாக நின்று கெடுத்தவன் நான் ஒருவன்தான். அந்தக் கதையை உங்கள் அம்மா பாதியாகவும், வாட்ச்மேன் மாமா இரண்டு பங்காகவும் சொல்லியிருக்கிறார்கள். நடந்தது இதுதான்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி திருநெல்வேலிக்காரர். காலையில் தராசுக்கு இரண்டு ஊதுபத்தி காட்டாமல் முதல் மூட்டையை ஏற்ற விடமாட்டார். வெள்ளிக்கிழமை என்றால் சிரட்டைக் கனலில் சாம்பிராணி. "அளக்குற சாமானுக்குக் காலைல ஒரு மரியாதை செஞ்சிரணும்டே. இல்லன்னா அது நம்மள அளந்துரும்" என்பார். ஆறு வருஷம் அதைப் பார்த்துப் பார்த்து, அளக்கிற சாமான் எதைக் கண்டாலும் என் கை தானாகச் சட்டைப் பையில் தீப்பெட்டியைத் தேடும். துணிக்கடையில் மீட்டர் கம்பியைக் கண்டால்கூட ஒரு கும்பிடு போட்டவன் நான்.

ஆராய்ச்சிக் கட்டடம் மூன்று அடுக்கு. கீழே, வீடு வீடாகப் போய்க் குடும்பத்தில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டு எழுதுகிறவர்கள். நடுவில், ரத்தத்தில் சர்க்கரை எப்படி ஏறுகிறது என்று பார்க்கிறவர்கள். மேலே, காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று அளக்கிறவர்கள். ஆள் பற்றாதபோது முதல் இரண்டு கூட்டமும் என்னைத்தான் பிடிக்கும். 'வீட்டில் பாத்திரம் கழுவுவது யார்' என்று கீழே கேட்டார்கள். நான்தான் என்றேன் (அம்மா அன்று பக்கத்தில் இல்லை). 'நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு வா' என்று நடுவில் சொன்னார்கள். நல்ல பெயர் எடுக்க வேண்டுமே என்று இரண்டு நாள் வெறும் வயிற்றோடு போய், ஊசியைக் கண்டதும் சரிந்து விழுந்தேன். இதிலிருந்தே அவர்கள் என்னைப் பற்றிக் கொஞ்சம் புரிந்துகொண்டிருக்கலாம். புரிந்துகொள்ளாமல் மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள்.

மொட்டைமாடியில் ஒரு சின்ன அறை, அதற்கு ஏ.சி., அதற்குள் மேசைமேல் ஒரு மெஷின். பார்த்தால் நம் வீட்டு மிக்ஸியைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். உள்ளே ஒரு வெள்ளை நாடா ஓடும். காற்றில் இருக்கிற கரி அந்த நாடாவில் கறுப்புப் பொட்டாக விழும். பொட்டு எவ்வளவு கறுப்போ, காற்றில் அவ்வளவு கரி. அதை மெஷினே எண்ணாக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். இவ்வளவும் எனக்குச் சொல்லித்தந்தது கௌரி.

கௌரி வலியசாலை அக்கிரகாரத்துப் பெண். டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த மெஷின் அவளுடையது என்றே சொல்லலாம். கட்டடத்தில் எல்லாரும் மலையாளம் பேசும்போது அவள் ஒருத்திதான் என்னோடு தமிழில் பேசுவாள். அதுவும் அவர்கள் வீட்டுத் தமிழ்.

"அண்ணா, சித்த கேட்டுக்கோங்கோ. இந்த ரூமுக்குள்ள தூசி, புகை ஒண்ணும் வரப்படாது. பீடி, கொசுவத்தி ஒண்ணுமே. கேட்டேளா?"

"ஊதுபத்தி?"

"ஐயோ, உள்ள அதெல்லாம் கூடவே கூடாது."

உள்ளே கூடாது என்றாள். அந்தச் சொல்லை நான் கடைசிவரை மீறவில்லை. அதுதான் வினை.

மெஷின் அறைக்குள் இருக்கிறது. ஆகவே அது அறைக்குள் இருக்கிற காற்றைத்தான் அளக்கிறது என்று நான் நினைத்துவிட்டேன். இல்லாவிட்டால் எதற்காக அறையை அவ்வளவு சுத்தமாக வைக்கச் சொல்கிறார்கள்? நாடாவில் கறுப்புப் பொட்டைப் பார்த்தால் உடனே துணியை எடுப்பேன். நாம் சரியாகக் கூட்டவில்லை போலிருக்கிறது, மெஷின் நம்மைக் காட்டிக்கொடுக்கிறது என்று இன்னொரு தடவை துடைப்பேன். மெஷினிலிருந்து ஒரு குழாய் கூரையைத் துளைத்து மேலே போய், வளைந்து வந்து, மாடிப்படி முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் குடை மாதிரி ஒரு தொப்பியோடு நிற்கும். அதைச் சமையலறைப் புகைபோக்கி மாதிரி, உள்ளேயிருப்பதை வெளியே தள்ளுகிற குழாய் என்று முடிவு செய்திருந்தேன். அது வெளியே இருப்பதை உள்ளே இழுக்கிற குழாய். மெஷினுக்கு அதுதான் மூக்கு.

முதல் மாதம் மெஷின் படுத்தாத பாடு இல்லை. ஓடும், நிற்கும். கௌரி கண் கலங்கி நிற்பாள். அவள் போன பிறகு எனக்குத் தோன்றியது: அளக்கிற சாமான், வந்த நாளிலிருந்து யாரும் ஒரு மரியாதை செய்யவில்லை. மறுநாள் கரமனையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, கட்டடத்துக்கு எல்லாருக்கும் முன்னால் வந்தேன். உள்ளே கூடாது என்று சொல்லியிருக்கிறாளே, அதனால் வெளியே, மெஷினோடு சேர்ந்த பொருள் எது இருக்கிறது என்று பார்த்தேன். அந்தக் குழாய் இருந்தது. அதன் தொப்பிக்கு நேர் கீழே கைப்பிடிச் சுவரில் ஒரு விரிசல். இரண்டு ஊதுபத்தி நட அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது.

அந்த வாரம் மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. (அதே வாரம் எலக்ட்ரீஷியன் வந்து ஸ்டெபிலைசரை மாற்றியதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.)

அதற்குப் பிறகு தினமும் எட்டே முக்காலுக்கு இரண்டு பத்தி. வெள்ளிக்கிழமை சாம்பிராணி. ஞாயிறும் இரண்டாம் சனியும் ஆபீஸ் கிடையாது, அன்று இல்லை. ஹர்த்தால் என்றால் பஸ் ஓடாது, அன்றும் இல்லை. ஆயுத பூஜை அன்று லீவாக இருந்தும் சாவியோடு வந்து, அறைக் கதவுக்குச் சந்தனம் வைத்து, வெளியே சிரட்டை சிரட்டையாகப் போட்டு, மாடியே தெரியாத அளவுக்குச் சாம்பிராணி பிடித்தேன். கௌரி பத்து மணிக்குத்தான் வருவாள். அதற்குள் புகை போய்விடும், சாம்பலைக் கூட்டிவிடுவேன். நோட்டுப் புத்தகத்தில் 'காலை 8.45, எல்லாம் சரி' என்று எழுதி ஒப்பும் போடுவேன். ஊதுபத்தியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று பின்னால் கேட்டார்கள். காலையில் பல் தேய்த்ததையும்தான் எழுதவில்லை.

இப்போது நினைத்தாலும் அந்தக் காலை நேரம் எனக்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. கீழே தென்னந்தலைகள், தூரத்தில் ஒரு கோடு மாதிரி கடல், மழைக்காலத்தில் அந்தக் கோட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் மழை நடந்து வருவது தெரியும். அனு, நீ அப்போது கைக்குழந்தை. ராத்திரியெல்லாம் உன்னைத் தோளில் போட்டு நடந்துவிட்டு வருவேன். அந்த மாடியில் நிற்கிற பத்து நிமிஷம்தான் எனக்கு நாளில் ஓய்வு. கும்பிட்டதில் பாதி உனக்காக, பாதி மெஷினுக்காக.

ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள் கௌரி என்னைக் கூப்பிட்டாள். முகம் கொள்ளாத சந்தோஷம்.

"அண்ணா, இங்க வாங்கோ. இதப் பாருங்கோ."

கம்ப்யூட்டரில் ஒரு கோடு. சமமாக வந்து, ஓரிடத்தில் மலை மாதிரி ஏறி, இறங்கி, மறுபடி சமமாகப் போனது.

"இது என்ன?"

"காலம்பற எட்டே முக்கால், ஒம்பது. தினம் இதே நேரத்துக்குக் கரி ஏறறது. ஏன்னு சொல்லுங்கோ."

"தெரியலியே."

"ராத்திரி ஊர்ல இருக்கற புகையெல்லாம் கடலுக்குப் போறது. காலம்பற காத்து திரும்பறச்சே அது அப்படியே திரும்பி வர்றது. கடல் காத்து, அண்ணா. ஞாயித்துக்கிழமை வண்டி கம்மி, அன்னிக்கு மலை இல்லை. ஹர்த்தாலுக்கு இல்லை. எல்லாம் ஒத்துப் போறது அல்லே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் சொன்ன விதத்தில் பெருமையாக இருந்தது. நாம் தினமும் துடைக்கிற மெஷின் கடலையே கண்டுபிடித்துவிட்டதே என்று.

"இந்த மலைதான் என் தீசிஸ். டிசம்பருக்குள்ள குடுத்தாகணும். வெளிநாட்டுல ஒரு வேலை வெச்சுண்டு காத்துண்டிருக்கா. ஜனவரில போய்ச் சேரலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவா. இந்த மலை மட்டும் கடைசிவரைக்கும் இப்படியே நின்னுடுத்துன்னா போரும்."

மறுநாளிலிருந்து நான் மூன்று ஊதுபத்தி வைத்தேன்.

மலை இன்னும் உயர்ந்தது. கௌரி இன்னும் சந்தோஷப்பட்டாள். அவள் சந்தோஷப்பட்டதைப் பார்த்து நான் பத்தியை மாற்றினேன். கிழக்கேகோட்டையில் தடிமனான பத்தி விற்பார்களே, அது. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு மலையை வளர்த்தோம். ஒருத்திக்கு ஏன் என்று தெரியாது, ஒருத்தனுக்கு எதை என்று தெரியாது.

நவம்பரில் அவளுக்கு செமினார். தீசிஸைக் கொடுப்பதற்கு முன்னால் எல்லார் முன்னிலையிலும் நின்று சொல்லி, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கௌரியின் ஆராய்ச்சிக்குக் கைடான சார், அவர் மலையாளி, முன்வரிசையில். பக்கத்தில் சென்னைப் பக்கத்திலிருந்து பரிசோதிக்க வந்த ஒரு மேடம். வெள்ளை முடி, பருத்திச் சேலை, குரலே உயர்த்தாதவர். கௌரியின் அம்மாவும் வலியசாலையிலிருந்து வந்து கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு விளக்கை அணைப்பதும் போடுவதும், நடுவில் சாயாவும் பழம்பொரியும் கொடுப்பதும் வேலை.

கௌரி இங்கிலீஷில் பேசினாள். அருமையாகப் பேசியிருக்க வேண்டும், எல்லாரும் தலையாட்டினார்கள். திரையில் மலை வந்தது. பிறகு ஏழு கோடு வந்தது, கிழமைக்கு ஒன்று. ஞாயிறு சமதரை. வெள்ளிக்கிழமை மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு.

மேடம் பேனாவை உயர்த்தினார். ஏதோ கேட்டார். 'ஃப்ரைடே' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. கௌரி டிராஃபிக் என்று ஏதோ சொன்னாள். மேடம் சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டார். முன்வரிசை சிரித்தது. வாசல் பக்கம் நின்ற வாட்ச்மேனிடம் என்னவென்று கேட்டேன்.

"கடலுக்கு வெள்ளியாழ்ச எந்நு எங்ஙனே அறியும்னு சோதிக்கிறாங்க" என்றார் அவர், தமிழும் மலையாளமுமாக. வெள்ளிக்கிழமை என்று கடலுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார்களாம்.

கையில் சாயாத் தட்டோடு கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை. எட்டே முக்கால். ஞாயிறு இல்லை. இரண்டாம் சனி இல்லை. கூட்டிப் பார்க்க எனக்குப் பத்தாம் வகுப்பே அதிகம். இருந்தாலும், அது அறைக்குள் இருக்கிற காற்றுதானே, நாம் வெளியேதானே வைத்தோம் என்று ஒரு ஓரத்தில் தைரியம் இருந்தது.

அடுத்த படம் வந்தது. ஆடி மாதத்துக் கோடு. பதினாறு நாள் மலையே இல்லை, மொட்டையாக இருந்தது. மேடம் இந்தத் தடவை சிரிக்கவில்லை. விரலால் திரையைக் காட்டிக் கேட்டார்.

"சிக்ஸ்டீன் டேஸ். எல்லா நாளும் வண்டி ஓடியிருக்கு. மழையும் இல்லை. வேர் டிட் த ஸீ கோ?"

பாதியைத் தமிழில் கேட்டதால் எனக்கு முழுதும் விளங்கிவிட்டது. கடல் எங்கே போனது.

கௌரி திரையைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். திரும்பவும் திரையைப் பார்த்தாள். அவளுடைய சார் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். அம்மா கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று அவள் சொல்லியிருந்தாலும் ஒருவேளை விட்டிருப்பார்கள், இன்னும் யோசித்து எழுது என்று சொல்லியிருப்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு பழம்பொரி கொடுத்திருந்தால் அவள் ஜனவரியில் விமானம் ஏறியிருக்கலாம். இது எல்லாம் அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது என்று சொன்னால் பொய். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்தக் கேள்விக்குப் பதில் அந்த அரங்கில் எனக்கு மட்டும் தெரியும், அந்தப் பிள்ளை பதில் தெரியாமல் தனியாக நிற்கிறாள்.

"எங்க பெரியப்பா இறந்துட்டாரு மேடம்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். தட்டோடு நின்றேன்.

மேடம் ரொம்ப மரியாதையாக, "ஐ ஆம் ஸாரி" என்றார்.

"இல்ல மேடம், அந்தப் பதினாறு நாளு. பூதப்பாண்டில பெரியப்பா போயிட்டாரு. பங்காளித் தீட்டு. விளக்கு, பத்தி ஒண்ணும் வைக்கக் கூடாதுல்லா. அதான் மலை வரல."

சார் எழுந்து நின்றுவிட்டார். "எந்து பத்தி?"

சொன்னேன். தராசிலிருந்து தொடங்கி, உள்ளே கூடாது என்றதால் வெளியே வைத்தது, சுவரில் விரிசல், வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஆயுத பூஜை, கிழக்கேகோட்டைத் தடிப் பத்தி, ஒன்று விடாமல். ஆயுத பூஜை என்றதும் கௌரி சட்டென்று ஒரு படத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள். அதில் கோடு திரைக்கு மேலேயே போயிருந்தது. அதற்குக் கீழே இங்கிலீஷில் என்னமோ எழுதியிருந்தது. நிஜ மலைக்கு அந்தப் பக்கம் காடு எரிந்து வந்த புகை என்று எழுதியிருந்தாளாம். பின்னால் சொன்னாள்.

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியாது. நடுத்தள ரத்தக்காரர்கள் என்று நினைக்கிறேன். அப்புறம் கூரை இடிந்த மாதிரி. கீழ்த்தளத்துக் கேள்விக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அப்போ பாத்திரம் கழுகுன்னதும்..." என்று, பாத்திரம் கழுவுவது நான்தான் என்று சொன்னதை நினைத்து என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

சார் மட்டும் சிரிக்கவில்லை. "முருகேசா, தெய்வத்தினு வேற ஸ்தலம் ஒந்நும் கிட்டியில்லே?"

சாமிக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்கிறார். "உள்ள கூடாதுன்னு சொன்னாங்க சாரே" என்றேன். அதற்கு இன்னொரு தடவை சிரித்தார்கள்.

மேடம் பேனாவை மூடினார். "செய்து காட்ட முடியுமா?"

மொத்த அரங்கும் மாடிக்கு ஏறியது. முப்பது நாற்பது படித்த மனிதர்கள் சுற்றி நிற்க, விரிசலில் மூன்று பத்தி நட்டுப் பற்றவைத்தேன். காற்றில் நாலு தீக்குச்சி அணைந்தது. வழக்கப்படி கண்ணை மூடிக் கும்பிட்டும்விட்டேன், பழக்கம். யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அறைக்குள் கம்ப்யூட்டரில் இரண்டு நிமிஷம் ஒன்றும் இல்லை. மூன்றாம் நிமிஷம் கோடு அசைந்தது. பிறகு ஏறியது. நான் தினமும் கௌரியின் மேசையில் பார்த்த அதே மலை, அதே தோள், அதே கூர்மை.

"நீட்" என்றார் மேடம். "இந்த வருஷம் நான் பார்த்த சுத்தமான பரிசோதனை இதுதான்."

மக்களே, வாழ்க்கையில் நான் செய்த ஒரே ஆராய்ச்சி அது. ஒரே தடவையில் பலித்தது. அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பட்டதில்லை.

கௌரி மாடிக்கு வரவில்லை. அரங்குக்குத் திரும்பியபோது அவள் தனியாக உட்கார்ந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும் அவர்தான் பேசினார்.

"நன்னா இருக்கு போ. என் பொண்ணு கடலக் கண்டுபிடிச்சுட்டாள்னு தெருவெல்லாம் சொல்லிண்டு திரிஞ்சேன். உன் ஊதுபத்தியையா கண்டுபிடிச்சா?"

"அம்மா, சும்மா இரு" என்றாள் கௌரி. பிறகு என்னிடம், "அண்ணா, ஒண்ணு கேக்கறேன். செப்டம்பர்லேர்ந்து மலை பெருசாச்சே. அது ஏன்?"

"மூணு பத்தி வச்சேன்."

"ஏன் மூணு?"

"நீங்கதான சொன்னீங்க, இந்த மலை கடைசிவரைக்கும் நிக்கணும்னு. அதான்... நிக்கணும்னு வேண்டிக்கிட்டு."

சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியில் அது அழுகையாகப் போயிற்று. ஒயரைக் கீழே வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அம்மா கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். மகளுக்குக் கொடுப்பதா, எனக்குக் கொடுப்பதா என்று ஒரு நிமிஷம் அவருக்கே தெரியவில்லை. என் கன்னமும் நனைந்திருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது உங்கள் அம்மா தலையில் கைவைத்தாள். "யாரும் உங்கள்ட்ட கேக்கலியே. என்னத்துக்கு வாயத் தொறந்தியோ?"

"அந்தப் பிள்ள நின்னுச்சு செல்வி, பதில் தெரியாம."

அம்மா சோறு போட்டாள்.

மறுநாள் வேலையை விடுகிறேன் என்று எழுதிக்கொண்டு போனேன். கௌரி அந்தத் தாளை வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பினாள். "வெத்துப் பக்கம் நெறைய இருக்கு. உக்காருங்கோ. எந்தெந்த நாள் வெச்சேள், எந்தெந்த நாள் வெக்கலேன்னு எழுதணும். நீங்க போயிட்டா யார் சாட்சி?" நாலு நாள் உட்கார்ந்தோம். அனுவுக்குத் தடுப்பூசி போட்ட நாள் இல்லை, கரமனை ஆற்றில் தண்ணீர் ஏறிய அன்று இல்லை, அம்மாவின் தங்கை கல்யாணத்துக்கு மூன்று நாள் இல்லை. நம் வீட்டின் ஒரு வருஷம் முழுவதும் அவள் தாளில் தேதி வாரியாக ஏறியது. மற்ற நேரத்து எண்களெல்லாம் தப்பித்தன. காலை நேரம் மட்டும் அடியோடு போயிற்று. அதை இன்னொரு வருஷம் முழுக்க மறுபடி அளக்க வேண்டும் என்றார்கள்.

வெளிநாட்டு வேலை வேறு யாருக்கோ போயிற்று. அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த அடுத்த வருஷம் நான் அந்தக் குழாயைக் காவல் காத்தது மாதிரி யாரும் எதையும் காத்திருக்க மாட்டார்கள். எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். வாட்ச்மேனின் பீடி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று. பக்கத்து வீட்டு வளவில் ஒரு கிழவர் காலையில் சருகைக் குவித்து எரிப்பார். அவரிடம் போய்க் கடல் காற்று, கரி, தீசிஸ் எல்லாம் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மோனு சுகமில்லே?" என்றார், மகனே உனக்கு உடம்பு சரியில்லையா என்று. பிறகு என்ன நினைத்தாரோ, சாயங்காலம் எரிக்க ஆரம்பித்தார்.

கௌரி தீசிஸைக் கொடுத்தாள். பட்டம் வாங்கினாள். இப்போது வடக்கே ஒரு கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறாள். ஓணத்துக்கு வந்தால் நம் வீட்டுக்கு வராமல் போகமாட்டாள். நீங்கள் கௌரி ஆன்ட்டி என்கிறீர்களே, அவள்தான். வாசலில் கால் வைக்கும்போதே மூக்கை உறிஞ்சி, "கடல் காத்து அடிக்கறதே" என்பாள். அப்படித்தான் அது நம் வீட்டுச் சொல்லாயிற்று. ரசம் அடிப்பிடித்தால் கடல் காற்று. கதிரின் கணக்குப் பேப்பரில் மார்க் தானாகக் கூடியிருந்தால் கடல் காற்று. பிரிட்ஜில் வைத்த லட்டு குறைந்திருந்தால் அம்மா என்னை மட்டும் பார்த்து, "வெள்ளிக்கிழமயும் இல்ல, இருந்தும் கடல் காத்து" என்பாள். நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன்.

உங்களிடமும் வேறு யாரிடமும் சொல்லாதது ஒன்று பாக்கி இருக்கிறது.

கௌரி ஊரை விட்டுப் போன வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கட்டடத்து லைப்ரரிக்குப் போனேன். அங்கே தீசிஸெல்லாம் கறுப்பு அட்டை போட்டு வரிசையாக இருக்கும். லைப்ரரிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். கௌரியின் பெயரை எழுத்துக் கூட்டிக் கண்டுபிடித்தேன் (நீங்கள் தமிழ் படிக்கிற மாதிரிதான் நான் இங்கிலீஷ் படிப்பேன்). ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். காலை நேரத்துக் கோடு இருந்தது. எட்டே முக்கால் எங்கே என்று விரலை வைத்துத் தேடினேன். அங்கே மலை இல்லை. ஒரு சின்ன மேடு மட்டும் இருந்தது, குழந்தையின் முழங்கால் அளவு. கடல் உண்மையாகவே அவ்வளவுதான் கொண்டுவந்திருக்கிறது. அதில் என்னுடையது ஒன்றுமே இல்லை.

கொஞ்ச நேரம் விரலை அங்கேயே வைத்திருந்தேன். பிறகு புத்தகத்தை மூடி, இருந்த இடத்தில் வைத்தேன். மற்றப் புத்தகங்களைவிட அரை விரல் வெளியே தள்ளி நிற்கிற மாதிரி வைத்துவிட்டு, சாப்பிடப் போனேன்.